துணிக்கும் பாட்டுக்கும் கண்ணீர் ஏன்?



திண்டுக்கல் மாவட்டத்து ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி இம்மாதம் கடிதம் எழுதியுள்ளார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், குடியரசு நாளன்று பள்ளியில் கொடியேற்றம் முடிந்து வீட்டிற்கு வந்திருக்கிறான். கொடி விரிந்து பூவிதழ்கள் உதிர்ந்தபோதும், எல்லோரும் சேர்ந்து பாடியபோதும் தன் தொண்டை அடைத்துக் கண்ணில் நீர் வந்துவிட்டதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறான். அருகிலிருந்த பாட்டனார், "ஒரு துண்டுத் துணிக்காக அழுவதா? கண்ணீரைத் தொழுகைக்கு வைத்துக்கொள்" என்று கடிந்திருக்கிறார். பையன் அதன்பின் வாய் திறக்கவில்லையாம். "ஹஜரத், என் மகன் செய்தது பிழையா? பொருள் புரியாத ஒரு பாட்டு அவனை ஏன் அழவைத்தது?" என்பது சகோதரியின் கேள்வி.

இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. முதலாவது எளிது. ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கொடி என்பது நம் வரலாற்றுக்குப் புதிய பொருளன்று. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள மூத்தா என்னுமிடத்தில் நடந்த போரைப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்படையின் கொடியை ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களிடம் கொடுத்தார்கள். அவர் வீழ்ந்தால் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி), அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) என்று முறையும் வகுத்தார்கள். ஸைத் வீழ்ந்தார். கொடியை ஏந்திய ஜஅஃபரின் வலக்கை வெட்டுண்டது, இடக்கையில் ஏந்தினார். இடக்கையும் வெட்டுண்டது, எஞ்சிய புயங்களால் மார்போடு அணைத்துக்கொண்டார். அவரும் வீழ, அப்துல்லாஹ் ஏந்தி அவரும் ஷஹீதானார். மதீனாவில் இருந்தபடியே இச்செய்தியைத் தோழர்களுக்கு அறிவித்த நபிகளாரின் கண்கள் நீர் சொரிந்தன என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஜாஃபர் என்று பெயர் வைக்கும்போது, துணிக்குக் கை கொடுத்த அந்த மனிதரின் பெயரையே வைக்கிறோம்.

அவர் காத்தது துணியையா? கொடி சாய்ந்தால் படை எங்கே நிற்கிறது என்று எவருக்கும் தெரியாது. தலைவன் இருக்கிறானா இல்லையா என்பதும் தெரியாது. புழுதிக்கிடையே ஒருவன் தன் கூட்டத்தைக் கண்டுகொள்ள இருந்த ஒரே அடையாளம் அது.

இதைப் படிப்பவர்கள் திருப்பூர் குமரனை நினைக்காமல் இருக்க முடியாது. 1904இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் காவலர் தடியடிக்கு ஆளானார். மண்டை பிளந்து வீழ்ந்தபோதும் பிடித்த கொடியை விடவில்லை. ஜனவரி 11ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். ஜஅஃபர் (ரலி) அவர்களையும் குமரனையும் ஒரே தராசில் நான் நிறுக்க வரவில்லை. அவரவர் இடம் அவரவர்க்கு. ஆனால் கொடியைப் பற்றிய கை எதைப் பற்றியிருக்கிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரேவிதமாகக் காட்டுகின்றன.

எழுந்து நிற்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இறந்தவர் யூதராயிற்றே என்று தோழர்கள் சொல்ல, அவரும் ஓர் உயிரல்லவா என்னும் கருத்துப்படப் பதிலுரைத்தார்கள். மரியாதை வேறு, வணக்கம் வேறு. பாட்டனாரிடம் மெதுவாக இதை எடுத்துச் சொல்லுங்கள் சகோதரி. கடிந்து சொல்ல வேண்டாம். அவர் அஞ்சுவதும் ஈமானைக் குறித்தே.

இனி இரண்டாவது கேள்வி. பொருள் புரியாத பாட்டு ஏன் அழவைக்கிறது?

நான் ஓதிக்கொடுக்கும் பெருமாள்மலை, வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் கூடுகின்ற ஊர். கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் தேநீருக்கு வண்டியை நிறுத்துவார்கள், பிளம்ஸும் பேரிக்காயும் வாங்குவார்கள், போய்விடுவார்கள். இங்கே ஆகஸ்டு 15ஆம் நாள் பெரும்பாலும் மூடுபனியில்தான் விடியும். பழைய கதர்க்கொடி ஈரம் குடித்தால் கனத்துக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். கயிற்றைச் சுண்டியதும் பூவிதழ்கள் மட்டும் உதிரும், கொடி விரியாது. பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும்! காற்று வந்து அது ஒருமுறை படபடத்துவிட்டால் கைதட்டல் வானைப் பிளக்கும். அசையாத கொடி வெறும் சாயத்துணி. அசையும் கொடி உயிருள்ளதுபோல் தோன்றுகிறது. எவர் கையும் படாமல் உயரத்தில் ஒன்று துடிப்பதைக் கண்டால் மனித உள்ளமும் உடன் துடிக்கிறது. 2021 டிசம்பர் 30ஆம் நாள் கொடி விதிகளைத் திருத்திப் பாலியெஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அது இலேசானது, சிறு காற்றுக்கும் பறக்கிறது. 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னபோது எங்கள் மலைச்சாலை நெடுகிலும் அதுவே பறந்தது. சில நாள் கழித்துச் சாக்கடை ஓரத்தில் கிடந்ததும் அதுவே. மலிவாய் வந்தது மலிவாய்ப் போயிற்று.

பாட்டோ இன்னும் விந்தையானது. தாகூர் அதை வங்காளத்தில் எழுதினார். 1911 டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தா காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1919இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். அன்று அது சென்னை மாகாணத்து ஊர். அங்கேதான் மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதினார். 1950 ஜனவரி 24ஆம் நாள் நாட்டுப்பண்ணாயிற்று. ஐம்பத்திரண்டு விநாடியில் முடிந்துவிடும். தமிழ்ப்பிள்ளைக்கு அதில் பெரும்பாலும் புரிவதில்லை. 'திராவிட' என்ற ஒரு சொல் வரும் இடத்தில் மட்டும் எங்கள் ஊர்ப் பையன்கள் குரலை உயர்த்திக் கத்துவார்கள். தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்வதுபோல் இருக்கும் அது.

அந்தக் கத்தலில்தான் சகோதரியின் கேள்விக்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மனிதன் அழுவது பொருள் புரிந்து மட்டுமன்று. ஐந்நூறு குரல் ஒரே மூச்சில் எழும்போது, அதில் ஒன்று தன்னுடையது என்று அறியும்போது, தன் பெயரும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று உணரும்போது தொண்டை அடைக்கிறது. ஜுமுஆவில் ஆயிரம் பேர் ஒருசேர ஆமீன் சொல்கையில் உடல் சிலிர்த்த அனுபவம் உங்கள் எல்லோருக்கும் உண்டு. மழலை வயதிலிருந்து ஒரே இடத்தில் ஒரே வேளையில் பாடிப் பழகிய பாட்டோ அன்றைய நண்பர்கள், ஆசிரியர், மிட்டாய், வெயில் அனைத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறது.

அப்படியானால் அந்தக் கணக்கில் பெயர் சேர்க்கப்படாதவர் பாடினால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை தேட நான் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. பெருமாள்மலையிலும் கோடை மலைகளின் பிற சரிவுகளிலும் 'சிலோன்காரர்' என்று ஊரார் அழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். திரும்பியவர்களுள் பலர் பிறந்தது இலங்கையில். இந்தியாவை அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை. காணாத ஊருக்குத் 'திரும்புவது' எப்படி என்று அப்பெயரை வைத்த அதிகாரியைத்தான் கேட்கவேண்டும்.

இவர்களின் முன்னோர் வெள்ளையர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத்துத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றவர்கள். 1948இல் அந்நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் அவர்களையும் பாதிப்பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மூட்டை பிரிப்பதற்குக்கூட இதைவிடக் கூடுதலாகப் பேரம் நடக்கும். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கையில் குடும்ப அட்டையோடு சிதறினார்கள். மலையும் குளிரும் பழகியவர்கள் ஆகையால் நீலகிரிக்கும் இம்மலைகளுக்கும் பலர் வந்தனர். இங்கே வாட்டில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் சேர்ந்தவர்களுள் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணக் கடனில் சிக்கிக் கொத்தடிமைகளாய்க் கிடந்தவர்களும் உண்டு.

இனி அவர்கள் பாடிய பாட்டுக்கு வருவோம். இலங்கையின் தேசிய கீதத்தை 1940இல் எழுதி இசையமைத்தவர் ஆனந்த சமரக்கோன். தாகூரின் சாந்திநிகேதனில் பயின்று திரும்பி, காலி நகரில் ஆசிரியராய் இருந்தவர். நம் நாட்டுப்பண்ணும் அவர்களுடையதும் ஒரே தோட்டத்து விதைகள் என்று சொன்னால் தகும். 1951இல் அரசு அதை ஏற்றது. அதே மெட்டுக்குப் பொருந்தத் தமிழில் ஆக்கித் தந்தவர் புலவர் மு. நல்லதம்பி. தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் தமிழிலேயே பாடினார்கள். பின்னாளில் அப்பாட்டின் முதற்சொல் நாட்டுக்கு ஆகாத எழுத்தில் தொடங்குகிறது என்று சிலர் கிளப்பிவிட்டனர். 1952இல் ஒரு பிரதமர் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்ததும், 1959இல் இன்னொரு பிரதமர் சுடப்பட்டதும் அந்த எழுத்தின் தோஷமாம்! 1961இல், எழுதியவர் மறுத்தும், முதலடியை மாற்றினார்கள். மறு ஆண்டு சமரக்கோன் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். சகுனம் பார்க்கும் மூடத்தனம் ஒரு கவிஞரை எங்கே கொண்டு நிறுத்திற்று என்பதை வாசகர்கள் சிந்திக்கவேண்டும்.

அந்நாட்டுக் கொடியிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு. வாளேந்திய சிங்கத்தின் புலத்துக்கு வெளியே, ஓரத்தில் பச்சையும் காவியுமாய் இரு பட்டைகள் இருக்கும். பச்சை முஸ்லிம்களுக்கு, காவி தமிழர்களுக்கு. 1948இல் அமைத்த கொடிக்குழுவில் டி.பி. ஜாயா அவர்கள் முஸ்லிம்கள் சார்பில் இருந்தார். சிங்கத்தின் சட்டத்திற்கு வெளியே நிற்கும் பட்டை ஒற்றுமையைக் காட்டாது என்று கருதிய செனட்டர் நடேசன் மட்டும் குழுவின் முடிவில் ஒப்பமிட மறுத்தார். கொடியில் இடம் இருப்பது ஒன்று, எந்த இடத்தில் என்பது இன்னொன்று.

எங்கள் மதரஸாவின் பின்வரிசை வீட்டில் வாழும் மூதாட்டி ஒருவர் 1970களில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கொழுந்து பறித்த விரல்கள் இன்றும் பூண்டு உரிக்கையில் அதே வேகத்தில் ஓடும். தோட்டப் பள்ளியில் அந்தப் பாட்டைப் பாடியது நினைவிருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "ஏன் இல்லாம பாய்? முழுசாத் தெரியும்" என்று முணுமுணுப்பாய்ப் பாடிக்காட்டினார். நடுவில் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு நம்ம பாசையிலதான் இருந்துச்சு. பதிவுலதான் நம்ம பேரு இல்ல" என்றார்.

உங்களைப் போகச் சொன்ன நாட்டின் பாட்டுக்கு ஏன் அழுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "நாட்டுக்காக இல்ல பாய். எங்கூடப் பாடுன புள்ளைகளுக்காக. பாதிப் பேரு அங்கிட்டே இருக்காக." ஒப்பந்தம் பிரித்தது தலைகளை எண்ணித்தான். ஒரே பாட்டைப் பாடிய ஒரே வகுப்பும் அந்த எண்ணிக்கையில் பிளந்துபோயிற்று. இக்கரையில் அவருடைய பேத்தி இன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் 'திராவிட' வரும்போது எல்லோரோடும் சேர்ந்து கத்துகிறாள். அவளுக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவள் பெயர் பதிவில் இருக்கிறது. கடலுக்கு அப்பால் தங்கிவிட்டவர்களுள் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

போர் முடிந்தபின் 2010 டிசம்பரில், கீதத்தைச் சிங்களத்தில் மட்டுமே பாடவேண்டும் என்ற பேச்சு கொழும்பில் அமைச்சரவை வரை எழுந்தது. செய்தி வெளியானதும் தமிழரும் முஸ்லிம்களும் நியாயம் உணர்ந்த சிங்களவர் பலரும் எதிர்த்தனர். 2015இல் புதிய அரசுத்தலைவர் தமிழில் பாடத் தடையில்லை என்று அறிவித்தார். 2016 பிப்ரவரி 4ஆம் நாள், காலிமுகத்திடலில் விடுதலைநாள் விழாவின் இறுதியில் பள்ளிப்பிள்ளைகள் அதைத் தமிழில் பாடினர். 1949க்குப் பின் அரசின் தேசிய விழாவில் அது தமிழில் ஒலித்தது அன்றுதான். 2020ஆம் ஆண்டு விழாவில் மீண்டும் அதை விட்டுவிட்டார்கள். பின்னர் வந்த ஆண்டுகளில் அது திரும்பவும் ஒலித்தது. ஒரே மெட்டு, ஒரே பொருள். அது இருந்தால் ஒரு சமூகம் கண் கலங்குகிறது. இல்லையென்றால் நெஞ்சு கலங்குகிறது. 2016இன் காட்சியை யாரோ கைப்பேசியில் அம்மூதாட்டிக்குக் காட்டியிருக்கிறார்கள். "புள்ளைக நல்லாப் பாடுதுக" என்று மட்டும் சொன்னாராம்.

உணர்ச்சியைச் சட்டம்போட்டு வரவழைக்க நம் நாட்டிலும் முயன்று பார்த்தோம். கேரளத்தில் மூன்று கிறித்தவப் பிள்ளைகள் தங்கள் பிரிவின் நம்பிக்கைப்படி நாட்டுப்பண்ணைப் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்றதற்காக, 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். எழுந்து நின்றதே மரியாதை. பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார். அதே உச்ச நீதிமன்றம் 2016 நவம்பர் 30ஆம் நாள் திரையரங்குகளில் படத்துக்குமுன் நாட்டுப்பண் கட்டாயம் என்றது. அடுத்த மாதமே சென்னையில் எழுந்து நிற்காத இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். 2018 ஜனவரி 9ஆம் நாள் அக்கட்டாயத்தை நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. நுழைவுச்சீட்டு கிழித்து, தின்பண்டத்தோடு இருட்டில் உட்கார்ந்தவனிடம் எந்த நெஞ்சம் உருகும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. அவன் எழுந்தது பக்கத்து இருக்கைக்காரனுக்கு அஞ்சி.

சகோதரிக்கு: உங்கள் மகனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணீர் தானாக வந்திருக்கிறது. இந்தப் பாட்டுக்கும் கொடிக்கும் நாம் அயலார் என்று அவனிடம் சொல்லக்கூடியவர்கள் நாளை தெருவில் இருக்கலாம். வீட்டுக்குள்ளும் அதே சொல்லை அவன் கேட்கவேண்டுமா? பாட்டனாரையே அவனிடம் மூத்தாவின் வரலாற்றைச் சொல்லச் செய்யுங்கள். அவர் சொன்னால் நான் எழுதியதைவிட நன்றாயிருக்கும். அவர்கள் இருவரும் மறுபடி பேசிக்கொள்ளவும் அது உதவும்.

நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் வணிகத்தின் பொருட்டு இலங்கையில் வாழ்ந்து திரும்பிய பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே பள்ளியில் படித்தவர்கள் எந்த மொழியில் அந்தக் கீதத்தைப் பாடினார்கள், இன்றும் எத்தனை அடி நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழ்களில் இடம் தருவோம்.

வஸ்ஸலாம்.